மேற்கோள் குறியை நிமிர்த்தி அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வரும் லினக்ஸ் கட்டளைத் தொடரை வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து மாணவர்கள் கத்தரித்து வைத்துப் படிக்கிறார்கள். ஹியர் டாக்குமென்ட் (கட்டளைக்கு வேண்டிய உள்ளீட்டை அதன் கீழேயே எழுதி, ஒரு முடிவுச் சொல்லால் முடிக்கும் முறை) பற்றிய குறிப்பும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அச்சில், ஒரு எடுத்துக்காட்டில் முடிவுச் சொல்லைச் சுற்றியிருந்த ஒற்றை மேற்கோள் வளைந்த குறியாக மாறிவிட்டது. இன்னொன்றில் மேற்கோளே இல்லை. படிப்பவர் கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது. நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கோ அந்த ஒரு குறியை வைத்துத்தான் எல்லாமே. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். இந்தக் கடிதத்தில் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கேட், டீ, எக்கோ போன்றவற்றைக் கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கோப்பின் பெயரையும் முடிவுச் சொல்லையும் தமிழிலேயே அடிக்கலாம், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஷெல்லான பாஷ் ஏற்றுக்கொள்ளும். மாறியின் (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) பெயருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றும்தான் செல்லும்.

தொடரைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு கட்டளைக்குப் பின்னால் << என்று போட்டு ஒரு சொல்லை எழுதினால், அடுத்த வரியிலிருந்து அதே சொல் தனியாக ஒரு வரியில் வரும்வரை உள்ள அத்தனையையும் ஷெல் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாக ஊட்டிவிடும். தனிக்கோப்பு தேவையில்லை. இதுதான் ஹியர் டாக்குமென்ட்; அந்தச் சொல்தான் முடிவுச் சொல். 1979-இல் வந்த ஏழாம் யுனிக்ஸ் பதிப்பின் போர்ன் ஷெல்லிலேயே இது உண்டு. பாஷ் வெளிவந்தது 1989-இல். நம் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்ததும் அதே ஆண்டுதான்.

இனி மேற்கோள் விஷயம். முடிவுச் சொல்லை மேற்கோள் இல்லாமல் எழுதினால், உள்ளே இருக்கும் உரையை ஷெல் சும்மா விடாது. டாலர் குறியைக் கண்டால் மாறி என்று எடுத்து அதன் மதிப்பைப் போடும். பின்சாய்வு மேற்கோளுக்குள் (`) இருப்பதைக் கட்டளையாக ஓட்டி, விடையை அங்கே வைக்கும். வரிக் கடைசியில் பின்சாய்வுக் கோடு (\) இருந்தால் இரண்டு வரிகளை ஒட்டிவிடும். முடிவுச் சொல்லுக்கு மேற்கோள் போட்டால் இதில் எதுவும் நடக்காது. அடித்தது அடித்தபடி போகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று தோல் ஏற்றுமதி நடக்கும் ஊர்கள் சூழ்ந்த பகுதி இது. இங்கே ரசீது என்றால் அதில் டாலர் இருக்கும். இப்படி ஒரு ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை எழுதிவைத்த கோப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். கேட் தனக்கு ஊட்டியதை அப்படியே வெளியிடும், > குறி அதை ரசீது என்ற கோப்பில் எழுதும்:

கேட் > ரசீது <<முற்றும்
பெறுநர்: $1
பதனிட்ட ஆட்டுத்தோல், 1,200 சதுர அடி
விலை: சதுர அடிக்கு $2.10
மொத்தம்: $2,520
முற்றும்

ஸ்கிரிப்டை ஓட்டும்போது முதலில் கொடுக்கும் பெயர் $1-இல் உட்கார வேண்டும் என்பது எழுதியவரின் எண்ணம். அது சரியாகவே நடக்கும். ஆனால் $2 என்றால் இரண்டாவதாகக் கொடுத்த மதிப்பு. அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் விலை ".10" என்றும் மொத்தம் ",520" என்றும் அச்சாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதுகூடப் பரவாயில்லை, பார்த்தவுடன் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது மதிப்பாக 45 என்று பில் எண்ணைக் கொடுத்திருந்தால்தான் ஆபத்து: விலை 45.10, மொத்தம் 45,520. இரண்டும் நிஜத் தொகை போலவே நிற்கும். $250 என்று எழுதினால் ஷெல் அதை இருநூற்றைம்பதாக வாசிக்காது. ஓர் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, $2-இன் மதிப்புக்குப் பின்னால் 50-ஐ ஒட்டும். $0.85 என்றிருந்தால் $0 என்பது ஸ்கிரிப்டின் பெயர். விலை இருக்க வேண்டிய இடத்தில் கோப்பின் பெயர் வரும்.

திருத்த மூன்று வழி உண்டு. ஒன்று, உரைக்குள் இருக்கும் ஒவ்வொரு நிஜ டாலருக்கு முன்பும் பின்சாய்வுக் கோடு போட்டு \$2.10 என்று எழுதுவது. டாலர் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வந்தால் இது போதும். இருபது வரி விலைப்பட்டியலில் ஒன்றையாவது விட்டுவிடுவோம். இரண்டு, உரையில் மாறியே இல்லையென்றால் <<'முற்றும்' என்று முதல் வரியில் மட்டும் மேற்கோள் போடுவது. கடைசி வரியில் மேற்கோள் கூடாது, வெறும் முற்றும் மட்டும். மூன்றாவதைத்தான் நாங்கள் சிபாரிசு செய்வோம்: மாறி வரும் வரியை எக்கோவுக்குக் கொடுத்துவிட்டு மீதியை மேற்கோளுக்குள் அடைப்பது.

{
எக்கோ "பெறுநர்: $1"
கேட் <<'முற்றும்'
பதனிட்ட ஆட்டுத்தோல், 1,200 சதுர அடி
விலை: சதுர அடிக்கு $2.10
மொத்தம்: $2,520
முற்றும்
} > ரசீது

ஸ்கிரிப்டின் தலையில் செட் -யு போட்டால் காலியான $2-க்குப் பிழைச் செய்தியாவது வரும்; -இ-யும் சேர்த்தால் அங்கேயே நின்றுவிடும். ஆனால் $2-இல் 45 உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காவல் ஒன்றும் செய்யாது. மேற்கோள்தான் காப்பாற்றும்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த நோட்டீஸ், அழைப்பிதழ் வாசகங்களை ஸ்கிரிப்டுக்குள் ஒட்டுகிறவர்களுக்கு இதில் தனிக் கண்டம் இருக்கிறது. பாமினியில் 'கூ' எழுத்து டாலர் குறியின் இடத்தில்தான் இருக்கிறது. 'கூட்டம்' என்று அடித்தால் ஷெல் பார்ப்பது டாலரையும் அதை ஒட்டி நிற்கும் ஆங்கில எழுத்தையும். அப்படி ஒரு மாறி இருப்பதாக நினைத்து, இல்லாத மதிப்பைப் போட்டுவிடும். 'கூ' போகும், அதோடு 'ட'-வும் போகும். அனாதையாக ஒரு புள்ளியும் 'டம்' என்பதும் மிஞ்சும். மாதக் கூட்டம், கூட்டுறவு, கூலி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுவது நல்லது. அது முடியாவிட்டால் மேற்கோள் கட்டாயம்.

இப்போது அச்சுக்கு வருகிறோம். பக்கம் அமைக்கும் மென்பொருள் நேரான ஒற்றை மேற்கோளைத் தானாகவே வளைந்த குறியாக்கிவிடும். கட்டுரைக்கு அது அழகு. ஷெல்லுக்கு வளைந்த குறி மேற்கோளே அல்ல. அதுவும் ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஆகவே <<‘முற்றும்’ என்று அச்சிட்டதைப் பார்த்து ஒருவர் அப்படியே அடித்தால், வளைந்த குறிகள் இரண்டும் சேர்ந்ததுதான் முடிவுச் சொல் ஆகிறது. கடைசி வரியில் வெறும் முற்றும் என்று அடித்தால் அது பொருந்தாது. திரை > என்ற குறியைக் காட்டிக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும். கடைசி வரியிலும் வளைந்த குறிகளைப் போட்டால் உரை முடிந்துவிடும், ஆனால் உள்ளே டாலர் மாற்றம் நடந்திருக்கும். மேற்கோள் போட்டோமே என்று நினைத்திருப்பவருக்கு இந்த இரண்டாவது நிலைதான் மோசம். << குறிகள் இரண்டும் ஒட்டி ஒரே « எழுத்தாகிவிட்டால் அவ்வளவு கவலை இல்லை, அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று உடனே சொல்லிவிடும்.

எனவே தங்கள் பக்க அமைப்பாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: கட்டளைகளைத் தனிப்பெட்டியில், இருபுறமும் சமன் செய்யாமல், இடது ஓரத்திலிருந்து தொடங்கி, தானியங்கி மேற்கோள் மாற்றத்தை நிறுத்திவிட்டு அச்சிடுங்கள். பத்தி அகலம் போதாமல் ஒரு வரி உடைந்தால், உடைந்த இடத்தை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். தொடரை எழுதுகிறவரிடம் ஒரு வார்த்தை: மேற்கோள் போட்ட வடிவத்தை முதலில் கற்றுக்கொடுங்கள். மாறியின் மதிப்பு உள்ளே வர வேண்டும் என்ற தேவை எழும்போது மேற்கோளை எடுக்கச் சொல்லுங்கள். இப்போது பெரும்பாலான பாடங்கள் இதைத் தலைகீழாகத்தான் நடத்துகின்றன.

மாணவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் கடைசி வரி. அந்த வரியில் முடிவுச் சொல்லைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பின்னால் ஒரு இடைவெளி இருந்தாலும் பொருந்தாது, முன்னால் இருந்தாலும் பொருந்தாது. ஸ்கிரிப்டில் இப்படிப் பொருந்தாமல் போனால் பாஷ் கோப்பின் கடைசிவரை எல்லாவற்றையும் உரையாக விழுங்கிவிடும். இந்த வரியில் தொடங்கியது, கோப்பே முடிந்துவிட்டது, இன்ன சொல்லைத் தேடினேன் என்று ஒரு எச்சரிக்கை வரும். கவனிக்க வேண்டியது, அது எச்சரிக்கை மட்டுமே. கட்டளை ஓடிவிடும்; ரசீதுக்குள் ரசீதும் இருக்கும், ஸ்கிரிப்டின் பின்பாதியும் இருக்கும். ஓட்டுவதற்கு முன் பாஷ் -என் என்று கொடுத்துப் பார்த்தால், எதையும் செய்யாமல் இந்த எச்சரிக்கையை மட்டும் காட்டும். ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் கருவியை நிறுவியிருந்தால் அது முடிவுச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளியைக்கூடச் சுட்டிக்காட்டும்.

நிபந்தனை, சுழற்சி ஆகியவற்றுக்குள் உரையைத் தள்ளி எழுத ஆசைப்பட்டால் <<- என்று சிறுகோடு சேர்க்கலாம். அது வரித் தொடக்கத்தில் உள்ள டேப்களை மட்டும் நீக்கும். இடைவெளிகளைத் தொடாது. நானோ எடிட்டரில் டேப் விசையை அழுத்தினால் டேப்பே விழும். விஷுவல் ஸ்டூடியோ கோடு எடிட்டர் வழக்கமான அமைப்பில் அதை இடைவெளிகளாக மாற்றிவிடும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், முடிவுச் சொல் பொருந்தாது. நேரடியாக டெர்மினலில் அடிக்கும்போது டேப் விசை கோப்புப் பெயரை நிரப்பப் போய்விடும் என்பதால் அங்கே <<- பயன்படாது.

விண்டோஸில் எழுதி பென் டிரைவில் கொண்டுவரும் ஸ்கிரிப்டுகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் வரி கேட் <<முற்றும் என்பதோடு முடிந்தால் இரண்டு முடிவுச் சொற்களிலும் அந்த எழுத்து ஒட்டியிருக்கும், பொருந்திவிடும். கேட் <<முற்றும் > ரசீது என்று பின்னால் ஏதாவது இருந்தால் அது கோப்பின் பெயரில் போய் ஒட்டும். முடிவுச் சொற்கள் இரண்டும் வேறுவேறாகிவிடும். ஒரே ஆசாமி எழுதிய இரண்டு ஸ்கிரிப்டில் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாததற்கு இதுதான் காரணம். கேட் -ஏ (பெரிய எழுத்து ஏ) கொடுத்துப் பாருங்கள். தமிழ் எழுத்தெல்லாம் புரியாத குறிகளாக வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒவ்வொரு வரியும் $ என்று முடிய வேண்டும். அதற்கு முன்னால் ^எம் இருந்தால் டாஸ்டூயுனிக்ஸ் கட்டளையால் சுத்தம் செய்யுங்கள்.

தமிழ் முடிவுச் சொல் வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'போதும்' என்று வைக்க வேண்டாம். 'போ'-வில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் அடிக்கலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட் கணக்கில் வேறு. ஷெல் பைட்டைத்தான் ஒப்பிடும். மேல்வரியை ஒரு விசைப்பலகையிலும் கீழ்வரியை வேறொன்றிலும் அடித்தால் பொருந்தாமல் போகலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் சேராத சொல்லாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. முடிவு, இத்துடன், முற்றும் மூன்றும் தேறும். உரையே ஒரு தொடர்கதையாக இருந்து, அதன் கடைசியில் முற்றும் என்று தனி வரி இருந்தால் மட்டும் வேறு சொல் தேடுங்கள். இல்லாவிட்டால் உரை அங்கேயே முடிந்து, அதற்குக் கீழே உள்ள வரிகளைக் கட்டளை என்று நினைத்து ஷெல் ஓட்டப் பார்க்கும்.

> குறியோடு திரை நின்றால் கணினி நின்றுவிட்டது என்று நினைத்துப் புதியவர்கள் ஜன்னலையே மூடுகிறார்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினால் போதும். கட்டளை ஓடவே ஓடாது, பழைய கோப்பும் அப்படியே இருக்கும். கன்ட்ரோல்-டி அழுத்தினால் அதுவரை அடித்ததை வைத்துக் கட்டளை ஓடிவிடும், பழைய கோப்பு போய்விடும்.

இனி உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம். தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக் கணினிக்கு எஸ்எஸ்ஹெச் வழியாகக் கட்டளைத் தொகுப்பை அனுப்பும்போது ஹியர் டாக்குமென்ட் மிகவும் கைகொடுக்கும். எஸ்எஸ்ஹெச் -டி (பெரிய எழுத்து டி) கிளை பாஷ் -எஸ் <<'முற்றும்' என்று எழுதினால் உள்ளே உள்ள அத்தனையும் அங்கே ஓடும். இதில் மேற்கோளை விட்டுவிட்டால், மாறிகள் எல்லாம் கிளைக்குப் போவதற்கு முன் நம் கணினியிலேயே மாற்றப்பட்டுவிடும். உள்ளே முதல் வரியில் டைர் என்ற மாறிக்குப் பழைய கோப்புகள் இருக்கும் அடைவைக் கொடுத்து, இரண்டாவது வரியில் ஆர்எம் -ஆர்எஃப் $டைர்/* என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? முதல் வரி கிளையில்தான் ஓடப்போகிறது. நம் கணினியில் டைர் காலி. கிளைக்குப் போய்ச் சேர்வது ஆர்எம் -ஆர்எஃப் /* என்ற கட்டளை, அதாவது எல்லாவற்றையும் கேட்காமலே அழி என்பது. முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக நுழைந்திருந்தால் அந்தக் கணினியில் பிறகு மீட்க எதுவும் இருக்காது. ரூட் அடைவை அழிக்க விடாமல் ஆர்எம்-இல் உள்ள பாதுகாப்பும் இங்கே உதவாது. அது வெறும் / என்பதற்குத்தான், /* என்பதற்கு அல்ல. அழிக்கும் கட்டளையை முதலில் எக்கோவாக எழுதி அனுப்பி, என்ன போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அமைப்புக் கோப்புகளை எழுதும்போது சூடோ கேட் > /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் <<'முற்றும்' என்று எழுதி அனுமதி இல்லை என்ற பதிலை வாங்குகிறார்கள். சூடோ தரும் நிர்வாகி அதிகாரம் கேட் கட்டளைக்கு மட்டும்தான். > குறியைச் செயல்படுத்துவது சாதாரண ஷெல். சூடோ டீ -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் <<'முற்றும்' என்பதே வழி; டீ தனக்கு வந்ததைத் தானே கோப்பில் எழுதும். -ஏ (சிறிய எழுத்து) விட்டுப்போனால் பழைய உள்ளடக்கம் முழுக்கப் போய்விடும்.

சில பழைய சர்வர்களில், ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதபோது, ஹியர் டாக்குமென்டுக்குத் தற்காலிகக் கோப்பு உருவாக்க முடியவில்லை என்ற செய்தி வரும். டேப் விசையை அழுத்தினால்கூட அதே செய்தி வரலாம். ஸ்கிரிப்டைத் தோண்ட வேண்டாம்; டிஎஃப் -ஹெச் போட்டு டெம்ப் அடைவு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். பாஷ் 5.0 வரை ஒவ்வொரு ஹியர் டாக்குமென்டும் அங்கே ஒரு கோப்பாக எழுதப்பட்டுத்தான் கட்டளைக்குப் போகும். 2020 டிசம்பரில் வந்த 5.1-இலிருந்து சின்ன உரைகள் பைப் வழியாகவே போகின்றன. உபுண்டு 20.04-இல் இருப்பது 5.0, 22.04-இல் இருப்பது 5.1. உபுண்டுவில் எஸ்ஹெச் என்று அழைத்தால் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து வருவது பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறொரு ஷெல் என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் <<< (ஒரு வரியை மட்டும் உள்ளீடாக ஊட்டும் குறி) வேலை செய்யாது. நாங்கள் மேலே சொன்னவை பாஷுக்கானவை. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள்.

கடைசியாக, தொடரில் விட்டுப்போன ஒன்று: குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான்டேப் அட்டவணை. கிரான்டேப் - <<'முற்றும்' என்று கொடுத்து ஒரு வரியைச் சேர்க்க முடியாது. அது முழு அட்டவணையையும் துடைத்துவிட்டு நாம் கொடுத்த ஒரு வரியை மட்டும் வைக்கும். இருப்பதோடு சேர்க்க இப்படி எழுத வேண்டும்:

{ கிரான்டேப் -எல்; கேட் <<'முற்றும்'
30 21 * * * /ஹோம்/கடை/பேக்கப்.எஸ்ஹெச்
முற்றும்
} | கிரான்டேப் -

இரவு 9.30-க்கு ஓடும் வரி இது. இதே தொகுப்பை இரண்டு முறை ஓட்டினால் அந்த வரியும் இரண்டு முறை ஏறி, பேக்கப் இரட்டையாக நடக்கும். ஓட்டுவதற்கு முன் கிரான்டேப் -எல் வெளியீட்டை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, ஓட்டிய பிறகு மறுபடி பார்த்து ஒப்பிடுங்கள்.

இங்ஙனம்,
லினக்ஸ் ஆய்வகப் பயிற்றுநர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.